கையில் ரோபோ இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம்? விண்வெளிக் கதை ஆட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் ஞாயிறு மாலைகளில் கூடி ஆடும் ஒரு சிறு குழுவுக்கு நான் கதை நடத்துகிறேன். எங்கள் கதைகள் பெரும்பாலும் வருங்காலத்தில் நடப்பவை. புதிதாக வந்து சேர்கிறவர்களும், தங்கள் வீட்டில் சொந்தமாக ஆட்டம் தொடங்க நினைப்பவர்களும் ரோபோ பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

டேபிள்டாப் ஆர்.பி.ஜி., அதாவது மேசையில் ஆடும் ரோல்-பிளேயிங் கேம், என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நாலைந்து பேர் மேசையைச் சுற்றியோ பாய் விரித்தோ உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவது. ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். கதை நடக்கும் உலகமும் அதில் வரும் மற்ற மனிதர்களும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "நான் அந்தக் கதவைத் திறக்கப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். திறக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டுவோம். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக்குத் தொடக்கம். விண்வெளிக் கதைகளுக்கு 1977-ல் வந்த டிராவலர் பெரிய வழிகாட்டி, இன்றும் ஆடப்படுகிறது. அந்த ஆட்டத்துக்கு 1986-ல் ரோபோக்களுக்கென்றே ஒரு தனி விதிநூல் வந்தது.

ரோபோ பாத்திரமும் ரோபோ கருவியும் ஒன்றா?

என் மேசையில் இரண்டும் வேறு. தானாக முடிவெடுக்கும், கோபப்படும், பேரம் பேசும் ரோபோ ஒரு பாத்திரம். அதற்கு ஜி.எம். குரல் கொடுக்க வேண்டும், அல்லது ஆட்டக்காரர் ஒருவரே அதுவாக ஆட வேண்டும். ரோபோ கருவி என்று நான் சொல்வது, தன்னால் நகரும், உணரும், பிடிக்கும், ஆனால் எதற்காக என்பதை ஆட்டக்காரரே சொல்ல வேண்டிய பொருள். குழாயில் ஊரும் கேமரா, சுமை தூக்கும் நாலுகால் வண்டி (நாங்கள் 'சுமைமாடு' என்போம்), சுவரில் ஏறிக் கண்ணாடி துடைக்கும் பல்லி மாதிரியானவை. இந்தப் பக்கம் முழுக்க இரண்டாவது வகையைப் பற்றியதுதான். ஆட்டக்காரரின் யோசனை வெளிப்படும் இடம் அதுவே.

ஒரு ரோபோ கருவியை எப்படி எழுதி வைப்பது? விதிநூலில் ஒரு பக்கத்துக்கு எண்கள் இருக்கின்றன.

எண்கள் இருக்கட்டும். நான் ஒரு சின்ன அட்டையில் மூன்று விஷயம் மட்டும் எழுதி ஆட்டக்காரரிடம் கொடுத்துவிடுவேன்: அது என்ன செய்யும், என்ன செய்ய முடியாது, வேலை செய்ய என்ன கேட்கும். எங்கள் குழுவில் எல்லாருக்கும் பிடித்துப்போன ஒரு கருவியின் அட்டை இது:

"குழாய்ப் பூரான். முழங்கை நீளம், இருபது கால். ஆறு அங்குலக் குழாய்க்குள் போகும், படம் எடுக்கும், சத்தம் கேட்டுச் சொல்லும், வாயால் கவ்வி இரண்டு கிலோ வரை இழுக்கும். செங்குத்தாக ஏறாது. உள்ளே திரும்பத் தெரியாது, வந்த வழியே பின்னால்தான் வரும். வாலில் எப்போதும் கம்பி கட்டியிருக்க வேண்டும்."

இதில் உயிர் இருப்பது நடுப்பகுதியில். செங்குத்தாக ஏறாது என்று எழுதியதால், யாராவது ஒருவர் மேலே ஏறிப் போய் அதை அங்கிருந்து இறக்க வேண்டியிருக்கிறது. திரும்பத் தெரியாது என்பதால், உள்ளே போன பிறகு பின்னால் ஏதாவது அடைத்துக்கொண்டால் கதை சூடு பிடிக்கிறது. எல்லாம் செய்யும் ரோபோவைக் கொடுத்தால் ஆட்டக்காரர்கள் "அதை அனுப்பறேன்" என்ற ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். குறை தெளிவாக எழுதிய ரோபோவைக் கொடுங்கள், அதைச் சுற்றி அரை மணி நேரம் விவாதிப்பார்கள்.

பூரானை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று சொல்கிறேன். அதன் வாயில் நூலைக் கொடுத்துக் குழாய் வழியே மறுபக்கம் அனுப்பினார்கள். நூலோடு கயிறு, கயிறோடு கம்பிவடம் என்று இழுத்துக் கடைசியில் ஒரு கதவையே பெயர்த்தார்கள். ரேடியோவை எதிரிகள் முடக்கியபோது, பூரானின் வால்கம்பியையே இரண்டு குழுக்களுக்கு இடையே தொலைபேசி லைன் ஆக்கினார்கள். இன்னொரு முறை வடிகால் குழாயில் அதை வேண்டுமென்றே சிக்கவைத்து அடைப்பாக்கி, தண்ணீர் மேலே ஏறிக் காவலர்கள் தாங்களாகவே வெளியே ஓடி வரும்படி செய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. எங்கள் குழுவில் கல்லூரி மாணவி ஒருவர் இருக்கிறார். "அக்கா, கம்பி எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கு?" என்று கேட்டார். ஐம்பது அடி என்றேன். "வெளியே அளந்தப்போ அந்தச் சுவர் முப்பது அடிதானே? அப்போ மீதி இருபது அடி எங்கே?" அந்தக் கட்டடத்தில் இருந்த ரகசிய அறையை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். படமெடுக்கச் செய்த கருவி அன்றைக்கு அளவுநாடா ஆனது. பகடையே உருட்டவில்லை. அந்த மாதிரிக் கணக்குக்குப் பகடை கேட்கவும் கூடாது.

இப்படிப்பட்ட யோசனை எங்கள் குழுவுக்கு வரமாட்டேன் என்கிறதே?

அவர்கள் ரோபோவின் வேலையைப் பார்க்கிறார்கள். உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ரோபோவாக இருந்தாலும் உள்ளே மோட்டார் இருக்கும். மோட்டார் என்றால் சுழற்சி, சூடு, சத்தம். பேட்டரி இருக்கும், அதிலிருந்து இன்னொரு கதவுக்கோ விளக்குக்கோ மின்சாரம் எடுக்கலாம். வெளிக்கூடு இருக்கும், கவிழ்த்தால் தொட்டி, நிறுத்தினால் கேடயம். எடை இருக்கும், எடை உணரும் தரையில் ஓர் ஆளுக்குப் பதிலாக நிற்கவைக்கலாம். ரேடியோ இருக்கும், அது இருக்கும் இடத்தை யாரோ ஒருவர் கண்டுபிடித்துத் துரத்தி வருவார், அதையே தூண்டிலாகப் போடலாம்.

ஜி.எம். ஆக நீங்கள் செய்ய வேண்டியது, கருவியை விவரிக்கும்போதே இவற்றைச் சொல்லிவிடுவது. "உங்கள் சுமைமாடு வந்து நிற்கிறது" என்றால் ஒன்றும் நடக்காது. "சுமைமாடு வந்து நிற்கிறது, இரண்டு மணி நேரம் ஏறி வந்ததில் வயிற்றுப் பக்கம் கை வைக்க முடியாத சூடு" என்று சொல்லிப் பாருங்கள். குளிரில் நடுங்கும் ஒரு பாத்திரத்தோடு ஆடுகிறவர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

கேட்கும் யோசனைக்கு என் பதில் பெரும்பாலும் "சரி" தான். உடம்பு இடம் கொடுத்தால் சரி. அட்டையில் முடியாது என்று எழுதியதை மீறினால் மட்டும் மறுப்பேன்.

எங்கே போனாலும் ட்ரோனை முதலில் அனுப்பிவிடுகிறார்கள். ஆபத்தே இல்லாமல் போகிறது. தடுப்பது எப்படி?

தடுக்காதீர்கள். ஆளுக்கு முன்னால் இயந்திரத்தை அனுப்புவது புத்திசாலித்தனம், உலகத்தில் நடப்பதும் அதுதான். நீங்கள் கொண்டுவர வேண்டியது தூரமும் நேரமும் தரும் நிஜமான சிக்கல்களை.

முதல் சிக்கல் தாமதம். நிலவிலிருந்து ரேடியோ அலை பூமிக்கு வர ஏறக்குறைய 1.3 நொடி. செவ்வாயிலிருந்து வர, இரண்டு கோள்களும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம். அதாவது செவ்வாயில் இருக்கும் வண்டி பள்ளத்தின் விளிம்பில் நிற்பதை நீங்கள் திரையில் பார்க்கும்போது, அது ஏற்கெனவே விழுந்திருக்கலாம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறக்கிய பிரக்யான், 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டி, தன் பாதையில் மூன்று மீட்டர் முன்னால் நாலு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றைக் கண்டது. வந்த வழியே திரும்பும்படி கட்டளை அனுப்பி வேறு பாதையில் விட்டார்கள். நம்முடைய வண்டி, நிஜமான பள்ளம். இதைவிட நல்ல ஆட்டக் காட்சி எனக்குத் தோன்றவில்லை.

மேசையில் இதை நான் இப்படி நடத்துகிறேன். தூரத்தில் இருக்கும் ரோபோவுக்கு ஆட்டக்காரர்கள் மூன்று கட்டளைகளை ஒரு காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு பேசக் கூடாது. நான் அந்த மூன்றையும் எழுதியபடியே நடத்திக் காட்டுவேன். "கதவு வரை போ, கதவைத் திற, உள்ளே படம் எடு" என்று எழுதிக் கொடுத்தார்கள் ஒரு தடவை. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது, வாசலில் ஒரு குழந்தை நின்றிருந்தது. அந்தக் காகிதத்தைப் படித்தபோது அறை முழுக்க ஒரே அமைதி.

இரண்டாவது சிக்கல் கம்பியா, கம்பியில்லாததா என்பது. தடித்த கல்லும் கான்கிரீட்டும் ரேடியோவை விழுங்கும். கம்பி கட்டினால் அது சிக்கும். ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு 2011-ல் உள்ளே அனுப்பிய குவின்ஸ் என்ற ஜப்பானிய ரோபோ, கேபிள் பிரச்சினையால் தொடர்பு அறுந்து கட்டடத்துக்குள்ளேயே நின்றுபோனது. ஆக, ஒவ்வொரு முறையும் "கம்பியா, ரேடியோவா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே போதும், ட்ரோன் சும்மா கிடைத்த வரமாக இருக்காது.

வேலூரை வைத்து விண்வெளிக் கதை நடத்த முடியுமா? வெளிநாட்டு நகரப் பெயர் இருந்தால்தான் எடுபடும் என்கிறார்களே?

முடியும். எங்கள் குழுவில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. பழைய வடஆற்காடு மாவட்டம் அளவுக்கு விண்வெளிக் கதைக்குத் தோதான நிலம் கிடைப்பது கடினம் என்றே நினைக்கிறேன்.

முதலில் காவலூர். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம். இப்போது அந்தப் பகுதி திருப்பத்தூர் மாவட்டம், அன்றைக்கு வடஆற்காடு. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்த 1977 மார்ச் 10 நிகழ்வைக் காவலூரிலிருந்தும் பதிவு செய்தார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே பணிக்கு வந்தது. 1988-ல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். உங்கள் கதையில் சுரங்கம் தோண்டும் ரோபோக்கள் 4130 ராமானுஜனில் இறங்கட்டும். எண்ணும் பெயரும் நிஜம், நம் மலையிலிருந்து கண்டுபிடித்தது. இதைச் சொன்னதும் புதிதாக வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள்.

அடுத்து பாலாறு. மேலே மணல், அடியில் தண்ணீர். ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த ஊர் இது. 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள், காய்ந்த ஆறு ஒரே நாளில் என்ன ஆகும் என்பதை மறந்திருக்க மாட்டார்கள். மணலுக்குள் நீந்தி, அடியில் ஓடும் நீரின் சத்தத்தைக் கேட்கும் ஒரு ரோபோவை இங்கே இறக்குங்கள். தண்ணீர் தேடச் செய்த அந்தக் கருவியை ஆட்டக்காரர்கள் மணல் திருடும் கும்பலின் சுரங்கப்பாதையைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார்கள். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் கேட்டதாம்.

கோட்டை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் சுவர், சுற்றிலும் அகழி. ரேடியோ அலையைத் தடுக்க அந்தச் சுவரும், நீர்மூழ்கி ரோபோவை இறக்க அகழியும் போதும். அகழியில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டிருந்ததாகச் சொல்வார்கள். வருங்காலத்தில் யாரோ இயந்திர முதலைகளை விட்டிருக்கிறார்கள் என்று தொடங்கிப் பாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: 1806 ஜூலை 10 சிப்பாய்க் கிளர்ச்சியில் உயிர்விட்டவர்களின் மண் அது. அதை வெறும் அலங்காரப் பின்னணியாக்காமல் கதை எழுதுங்கள்.

அப்புறம் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று நீளும் பட்டை. சுழலும் பெரிய மர டிரம்கள், சுண்ணாம்புத் தொட்டிகள், கழிவுநீர்க் குழாய்கள். சல்பைடு கலந்த கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, ஆபத்து போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வார். ஆட்டத்தில் இது தரும் பதற்றம் பெரிது. ஜி.எம். "இப்போது நாற்றம் இல்லை" என்று சொல்கிறார். ரோபோவின் சென்சார் சிவப்பு காட்டுகிறது. மூக்கை நம்புவதா, இயந்திரத்தை நம்புவதா? வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன், "இன்னாபா, அந்தப் பெட்டி சொல்றதெல்லாம் நம்பிக்கினு நிக்கிறீங்க?" என்று கேட்கட்டும்.

பகடை விதி எப்படி வைப்பது? ரோபோ உதவினால் எவ்வளவு கூட்டுவது?

டிராவலர் வழியில் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டி, கூட்டி, 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். 36-க்கு 15, அதாவது 42 சதவீத வாய்ப்பு. ரோபோவுக்காக ஒன்று கூட்டினால் 58 சதவீதம், இரண்டு கூட்டினால் 72. மூன்று பகடை உருட்டி, உயர்ந்த இரண்டை எடுத்தால் 68 சதவீதம் வரும். நான் மூன்று பகடையையே விரும்புகிறேன். அந்த மூன்றாவது பகடை ரோபோவின் பகடை, வேறு நிறத்தில் இருக்கும். அதில் விழுந்த எண் கணக்கில் சேர்ந்தால் ரோபோ காப்பாற்றியது, சேராவிட்டால் மனிதர் தம் திறமையால் ஜெயித்தார். ஒரே உருட்டலில் யார் உழைத்தார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது.

கருவி பழுதாகுமா என்பதற்குத் தாயக்கட்டை. வீட்டுப் பரணில் பித்தளைத் தாயக்கட்டை கிடக்கும், எடுங்கள். இரண்டையும் உருட்டித் தாயம் விழுந்தால், அதாவது ஒன்றில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால், ரோபோவில் ஏதோ ஒரு பாகம் கோளாறு. 16-க்கு 2, எட்டில் ஒரு வாய்ப்பு. இரண்டிலும் வெறுமை விழுந்து பன்னிரண்டு வந்தால், 16-க்கு 1, ரோபோ யாரும் எதிர்பார்க்காத நல்ல காரியம் ஒன்று செய்கிறது. என்ன காரியம் என்பதை அதை உருட்டியவரே சொல்லலாம். பித்தளை தரையில் உருளும் சத்தத்துக்கு எல்லாரும் திரும்புவார்கள். பிளாஸ்டிக் பகடையில் அது கிடைக்காது.

ரோபோ உடைந்துபோனால் ஆட்டக்காரர்கள் சோர்ந்துவிடுகிறார்கள்.

உடைந்தது என்று சொல்லி நிறுத்திவிட்டால் சோர்வார்கள். எது உடைந்தது, இன்னும் எது ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் வண்டிக்கு 2006-ல் முன்புற வலது சக்கரம் நின்றுவிட்டது. அதைப் பின்னோக்கி ஓட்டினார்கள், செத்த சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டே இழுபட்டு வந்தது. 2007-ல் அந்தக் கீறலில் வெள்ளை மண் தெரிந்தது. ஏறக்குறைய தூய சிலிக்கா. ஒரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்ததற்கான சான்று. சக்கரம் நன்றாக ஓடியிருந்தால் அந்த மண்ணைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

என் மேசை விதி இதிலிருந்து பிறந்ததுதான். ஒவ்வொரு கோளாறுக்கும் ஜி.எம். ஒரு புதிய திறனையும் சேர்த்து எழுத வேண்டும். கேமரா போன பூரான் இருட்டிலும் தடவித் தடவி வரைபடம் போடும். கால் உடைந்த சுமைமாடு இடத்தை விட்டு நகராது, அதனால் இழுக்கும் வேலைக்கு உறுதியான நங்கூரம். சில கருவிகள் பழைய பழுதுகளோடுதான் எங்கள் மேசையில் பிரபலம், புதுசு வாங்க யாருக்கும் மனம் வருவதில்லை.

மருத்துவ ரோபோ? வேலூர் என்றாலே சி.எம்.சி. மருத்துவமனை ஆயிற்றே.

காயத்தை ஆற்றும் பெட்டி என்று மட்டும் மருத்துவ ரோபோவை வைத்தால் வீண். இந்த ஊரிலேயே அதைவிட ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது. 1940-களின் இறுதியில் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண்களை இடம் மாற்றி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். நோயாளிகளின் விரல்கள் அழிவதற்குப் பெரிய காரணம், வலி தெரியாமல் போவதுதான் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள், புண்ணில் நடப்பார்கள், உடம்பு எச்சரிக்காது. பின்னாளில் அமெரிக்காவில் அவருடைய குழு, சென்சார்களை வைத்துச் செயற்கையான வலி அமைப்பு ஒன்று செய்ய முயன்றது. சரிவரவில்லை. எச்சரிக்கை தொந்தரவாக இருக்கும்போது அதை அணைத்துவிடவே மனிதர்களுக்குத் தோன்றும்.

இதை அப்படியே விதியாக்கினோம். பாத்திரம் அணியும் ரோபோக் கைக்கு ஒரு வலி ஸ்விட்ச் உண்டு. ஆனில் இருந்தால், சேதம் வருவதற்கு முன்பே ஜி.எம். எச்சரிப்பார், ஆனால் ஒவ்வொரு முயற்சியிலும் பகடைக் கூட்டலில் ஒன்று குறையும். ஆஃப் செய்தால் முழு பலம், எச்சரிக்கை கிடையாது. சேதத்தை ஜி.எம். மட்டும் தனியாகக் குறித்துக்கொள்வார், காட்சி முடிந்த பிறகுதான் சொல்வார். எங்கள் குழுவில் எல்லாரும் முதலில் ஆஃப் செய்தார்கள். இப்போது, எதிரே எவ்வளவு பெரிய சண்டை வந்தாலும், ஆனிலேயே வைத்து ஆடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பாத்திரம்தான் குழுவிலேயே நீண்ட நாள் உயிரோடு இருப்பது.

ஆபத்தான வேலையை ரோபோ செய்யட்டும் என்றால் கதையில் அறம் சார்ந்த கேள்விக்கு இடம் இருக்குமா?

நிறையவே இருக்கும், நம் ஊரில் அது வெறும் கற்பனையும் இல்லை. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கழிவுத் தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்கிறது. இறங்கி உயிர்விடுகிற செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கி 2018-ல் வேலைக்கு வந்த பாண்டிகூட் என்ற ரோபோ சாக்கடைக் குழிக்குள் தன் கையை விட்டுத் தூர் வாருகிறது, ஆள் மேலே நின்று இயக்குகிறார். உள்ளே இறங்கியவரே அதை இயக்கப் பழகிக்கொள்கிறார் என்பதுதான் எனக்கு அதில் முக்கியமான விஷயம்.

கதையில் வரும் ஒவ்வொரு ரோபோவுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதற்கு முன் இந்த வேலையை யார் செய்தார்கள், இப்போது அவர்கள் எங்கே? எங்கள் தோல் ஷாப் கதையில், தொட்டி ரோபோ நின்றபோது அதை ஓட வைக்கத் தெரிந்த ஒரே ஆள், முன்பு அந்தத் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். முதலாளியின் பொறியாளர்களுக்கு வரைபடம் தெரியும், அவருக்கு எந்த மூலையில் சேறு கட்டும் என்று தெரியும். ஆட்டக்காரர்கள் அவரை "ஐயா" என்று கூப்பிட்டுப் போய்க் கேட்டார்கள். அவர் உதவக் கேட்ட கூலி பணம் இல்லை, ரோபோவின் சாவி தன் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்றார். அந்த பேரத்திலேயே இரண்டு வாரம் ஓடியது.

ஒரே ஒரு ரோபோ போதுமா, நூறு குட்டி ட்ரோன்களைக் கூட்டமாக விடலாமா?

விடலாம். கூட்டத்தை ஒரே கருவியாக எழுதுங்கள், ஒரு அட்டை, ஒரு பகடை. ஒவ்வொரு சேதத்துக்கும் கூட்டம் சுருங்கட்டும். நூறையும் தனித்தனியாக நகர்த்தத் தொடங்கினால் மற்ற ஆட்டக்காரர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

சிறுவர்களோடு ஆடலாமா?

தாராளமாக. பத்து வயதுக்காரர்கள் அட்டையைப் படித்த மறுநிமிடம், பெரியவர்களுக்குத் தோன்றாத மூன்று வழிகள் சொல்வார்கள். அட்டையின் பின்பக்கம் ரோபோவைப் படமாக வரையச் சொல்லுங்கள். வரைந்த பிறகு, தாங்கள் போட்ட கொக்கிக்கும் வாலுக்கும் ஒரு பயன் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.

செலவு? எந்த விதிநூலில் தொடங்குவது?

செலவே வேண்டாம். ஜான் ஹார்ப்பர் எழுதிய லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் ஒரே பக்கம், இணையத்தில் இலவசம். ஒவ்வொருவருக்கும் 2 முதல் 5 வரை ஒரே ஓர் எண், பாத்திரத்தின் விவரத்தாளில் வேறு எண்ணே கிடையாது. அறிவும் தொழில்நுட்பமும் வேண்டிய காரியத்துக்கு அந்த எண்ணுக்குக் கீழே உருட்ட வேண்டும், மனமும் பேச்சும் வேண்டியதற்கு மேலே. அதோடு நான் மேலே சொன்ன அட்டை, தாயக்கட்டை. தமிழிலேயே பேசி ஆடுங்கள். பழகிய பிறகு பெரிய விதிநூல்களுக்குப் போகலாம்.

நாளைக்கே ஆட ஒரு கதைத் தொடக்கம் கிடைக்குமா?

எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 2180. காவலூர் வானாய்வகத்தில் இப்போது ஆள் கிடையாது, ரோபோக்களே பராமரிக்கின்றன. பெரிய தொலைநோக்கியின் குவிமாடம் பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. ஆலங்காயம் பக்கமிருந்து மழை ஏறி வருகிறது. கண்ணாடி நனையக் கூடாது. ஆட்டக்காரர்கள் மலையேறி வந்த பழுதுபார்க்கும் குழு, கையில் மூன்று கருவிகள்: குழாய்ப் பூரான், சுமைமாடு, கண்ணாடி துடைக்கும் பல்லி. பல்லி எந்த வழுவழுப்பிலும் ஏறும், ஈரத்தில் ஒட்டாது, அரை மணிக்கு ஒரு முறை சார்ஜ் கேட்கும்.

குவிமாடத்தை இழுக்கும் மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை, குழாய்க்குள் செல்லும் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கட்டும். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று: கம்பியை அறுத்தவர் உள்ளேயே இருக்கிறார். அடிவாரத்து ஊர்ப் பெண், தன் குழந்தைக்கு மழையில் ஒதுங்க இடம் தேடி வந்தவர். தானியங்கிக் கதவு தங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடுமோ என்று பயந்து கம்பியை வெட்டியிருக்கிறார். ரோபோவைப் பார்த்தால் ஒளிந்துகொள்வார், மனிதக் குரலைக் கேட்டால் வருவார்.

மழைக்கு ஒரு காகிதத்தில் ஆறு கட்டம் போடுங்கள். பகடை தோற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தை நிரப்புங்கள், ஆறும் நிரம்பினால் கண்ணாடி நனையும். மூன்று அட்டைகளையும் மேசை நடுவில் வைத்துவிட்டு, "முதலில் எதை உள்ளே அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டுத் தொடங்குங்கள்.